பீலித் தண்ணீரும் புதுக்கடை நீதிமன்றமும்: மலையகத் தோட்டங்களில் சுற்றாடல் உரிமை

மலைச்சரிவில் ஓர் ஊற்று கெட்டுப்போனால், அல்லது சரிவே வெடித்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் மேல் இறங்கும் நிலைக்கு வந்தால், அங்கே குடியிருப்பவர் யாரிடம் போய் முறையிடலாம்? முறையீடு கவனிக்கப்படாவிட்டால் எந்த நீதிமன்றத்துக்குப் போகலாம்? அங்கே அவர் கேட்பது சலுகையா, உரிமையா? இலங்கையில் இக்கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. காட்டுக்கும் மலைக்கும் அரசே காவல் என்றது குடியேற்ற ஆட்சி. அயலவருக்குத் தொல்லை தராதே என்றது குற்றவியல் சட்டம். இயற்கை வளத்தை மக்கள் சார்பில் பேணும் பொறுப்பாளியே அரசு என்றது 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம். தகவலும் கருத்துச் சொல்லும் வாய்ப்பும் இல்லாவிட்டால் எந்த உரிமையும் பயன் தராது என்கிறது அண்மைக்காலச் சர்வதேசச் சட்டம். புதிய விடை வந்ததும் பழையது மறைந்துவிடவில்லை. எல்லாமே இன்றும் ஏதோ ஓர் அளவில் நடைமுறையில் இருக்கின்றன.

இந்த விடைகளை மஸ்கெலியாவில் வைத்துச் சோதிப்பது பொருத்தமானது. சிவனொளிபாதமலைத் தொடரில் பிறக்கும் மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிக் கொழும்புக்குக் குடிநீர் தருகிறது. வழியில் மின்சாரமும் தருகிறது. அந்த மின்சாரத்துக்காக 1969இல் மவுஸ்ஸாகலை அணை கட்டி முடிக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் அந்நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் தலைகாட்டுகின்றன. மேலே உள்ள சிவனொளிபாத வனப்பகுதி, 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. காட்டுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் இடையில் தேயிலை மலைகளும் லயங்களும் இருக்கின்றன.

2015 ஆகஸ்டில் களனி கங்கையின் கீழ்ப்பகுதியில், கடுவலை அருகே ஒரு தொழிற்சாலையிலிருந்து எரிபொருள் கசிந்து ஆற்றில் கலந்தது. கொழும்பின் குடிநீர் பாதிக்கப்பட்டதால் சில நாட்களிலேயே அந்தத் தொழிற்சாலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இடைநிறுத்தப்பட்டது. சட்டம் அங்கே வேகமாக வேலை செய்தது. அதே ஆற்றின் தலைமாட்டில், தேயிலைக்கு மருந்தடித்த மலைக்குக் கீழே, ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிப்பவருக்கு அதே சட்டம் அதே வேகத்தில் கிட்டுமா என்பதுதான் இக்கட்டுரை ஆராயும் பொருள்.

அரசே காவல் என்ற விடை

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் அரசின் உடைமை என்று கொண்டது. கண்டிய விவசாயிகளின் சேனைகளும் மேய்ச்சல் நிலங்களும் அப்படித்தான் கைமாறின. அதே சட்டத்தின் பலத்தில் அரசு மலைகளைக் கோப்பித் தோட்டங்களுக்கு விற்றது. காடழிவின் விளைவு தெரியத் தொடங்கியதும், 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஒட்டி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைக் காக்க வேண்டும் என்ற கொள்கை உருவானது. மஸ்கெலியாவுக்கு மேலே இன்று எஞ்சியிருக்கும் காட்டுக்கு அந்தக் கொள்கையும் ஒரு காரணம். அதற்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும்.

இந்த விடையின் பலம், அரசிடம் அதிகாரமும் ஆளும் உண்டு என்பது. பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. காட்டை விற்றவரும் காப்பவரும் ஒருவரே என்றால், விற்றதைக் கேள்வி கேட்க ஆளில்லை. இன்னொரு குறை மலையகத்தில் கூடுதலாகத் தெரிகிறது. இந்தச் சட்டங்களில் தோட்டத்து மனிதர் சந்தேகநபராகவே பெரும்பாலும் இடம்பெறுகிறார்: விறகு பொறுக்கியவர், சுருக்கு வைத்தவர், அத்துமீறிப் பயிரிட்டவர்.

2020 மே 26 அன்று நல்லத்தண்ணிக்கு அருகே லக்ஷபான தோட்டத்தில், மரக்கறிப் பாத்தியை ஒட்டிக் கட்டியிருந்த சுருக்குக் கம்பியில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தும் மூன்று நாட்களில் அது இறந்தது. நாடு முழுவதும் எழுந்த துயரம் நியாயமானது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் சிறுத்தைக்குத் தரும் பாதுகாப்பும் தேவையானது. எனினும் இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுகின்றன. லயத்தைச் சுற்றிய துண்டு நிலத்தில் போஞ்சியும் கோவாவும் போட்டுச் சம்பளத்தின் குறையை ஈடுசெய்யும் குடும்பங்களுக்குப் பன்றி பெரும் சேதம் விளைவிக்கிறது. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி உயிரிழப்பவர்களும் உண்டு. காட்டின் ஓரத்தில் வாழ்வதன் செலவை யார் சுமப்பது என்ற கேள்வி, அரசைக் காவலனாக மட்டும் பார்க்கும் சட்டத்தில் இடம்பெறுவதில்லை.

தொல்லை: பழையது, பக்கத்தில் இருப்பது

இரண்டாவது விடை எளிமையானது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லை பற்றி அறிக்கையோ வேறு தகவலோ கிடைத்தால், அதை நீக்கும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. மஸ்கெலியாவாசிக்கு ஹட்டன் நீதவான் நீதிமன்றம் போதும். உரிமைக் கோட்பாடு எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை. நாற்றமும் அழுக்குநீரும் சத்தமும் சாட்சிகளால் காட்டப்பட்டால் போதும். நாட்டின் சுற்றாடல் சட்டத்தரணிகள் பலர் இந்தப் பிரிவை இன்றும் மதிக்கிறார்கள். சாதாரண மனிதருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சுற்றாடல் சட்டம் இதுவே என்று சொல்வதில் தவறில்லை.

ஆனால் இது கண்ணுக்குத் தெரியும் கேட்டுக்கு ஏற்ற பரிகாரம். ஆண்டுக்கணக்கில் மண்ணில் இறங்கும் களைநாசினியையும், மெல்ல மெல்ல வெடிக்கும் சரிவையும், சுரங்கம் தோண்டியதால் வற்றும் கிணற்றையும் இதற்குள் அடக்குவது கடினம். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் கசிந்ததால் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்தபோது மக்கள் 2017இல் வீதிக்கு இறங்கினார்கள். அத்தகைய சேதத்தை ஒரு தொல்லையாகக் கருதி நீக்கிவிட முடியாது. தொல்லைச் சட்டத்துக்கு முறையிடும் அயலவர் ஒருவரும் வேண்டும். தோட்டத்தில் அந்த அயலவர் பல சமயங்களில் தொல்லை தருபவரிடமே வேலை செய்பவராக இருக்கிறார்.

எப்பாவலவிலிருந்து சுன்னாகம் வரை

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சுற்றாடல் உரிமை என்று ஓர் உறுப்புரை கிடையாது. சுற்றாடலைப் பாதுகாத்து மேம்படுத்துவது அரசின் கடமை என்கிறது உறுப்புரை 27(14). இயற்கையைப் பாதுகாப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது உறுப்புரை 28. இவற்றை வைத்து வழக்குத் தொடர முடியாது என்று அடுத்தே சொல்லிவிடுகிறது உறுப்புரை 29. மூன்றாவது விடை இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு நீதிபதிகளால் கட்டப்பட்டது.

அதன் தொடக்கம் எப்பாவல. அநுராதபுர மாவட்டத்தின் பொஸ்பேற்றுப் படிவை வெளிநாட்டுக் கம்பனியின் பங்களிப்போடு பெருமளவில் தோண்டி எடுக்க 1990களில் ஓர் ஒப்பந்தம் தயாரானது. நிலமும் வயலும் இழக்கவிருந்த உள்ளூர்வாசிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். இது எல்லாருக்கும் பொதுவான குறை, தனிமனித உரிமை மீறல் அல்ல என்று அரச தரப்பு வாதிட்டது. 2000 ஜூனில் தீர்ப்பு எழுதிய நீதியரசர் அமரசிங்க அதை ஏற்கவில்லை. எல்லாருக்கும் பொதுவானது என்பதால் ஒருவரின் உரிமை இல்லாமல் போகாது என்பது தீர்ப்பின் சாரம். இயற்கை வளத்தின் மீது அரசுக்கு இருப்பது மக்கள் ஒப்படைத்த நம்பிக்கைப் பொறுப்பு என்றும் அது கூறியது. உரிய ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இல்லாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று கட்டளை பிறந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஹங்கேரி - ஸ்லோவாக்கிய அணை வழக்கில் சர்வதேச நீதிமன்ற நீதிபதி வீரமந்திரி தனிக்கருத்தாக எழுதியது இத்தீர்ப்புக்குப் பின்னணியில் இருந்தது. இலங்கையின் பழைய குளங்களின் மரபைக் காட்டியே அவர் நிலைபேறான அபிவிருத்தியை அங்கு விளக்கியிருந்தார்.

2003இல் உறுப்புரை 13(4)இன் உள்ளே உயிர்வாழும் உரிமை மறைமுகமாக இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டது. பின்னர் வந்த ஒரு தீர்ப்பில், தூய சுற்றாடலுக்கான உரிமை, சட்டத்தின் முன் சமத்துவம் பேசும் உறுப்புரை 12(1)க்குள் அடங்கியது என்று நீதியரசர் ஷிராணி திலகவர்தன எழுதினார். 2019 ஏப்ரலில் சுன்னாகம் வழக்கு வந்தது. யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது பற்றி, கிணற்றுக்காரராக அல்லாமல் ஒரு சுற்றாடல் அமைப்பின் தலைவராக ஒருவர் மனுச் செய்திருந்தார். அவருக்கு வழக்குரிமை இல்லை என்ற ஆட்சேபனையை நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன தள்ளினார். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணிக்கப்பட்டது. 2025 ஜூலையில், கடலை மாசுபடுத்திய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது. எப்பாவலவில் விதைத்தது இவ்வளவு தூரம் வளர்ந்திருப்பது பெருமைக்குரியது.

இந்தக் கட்டுமானத்தின் ஓட்டைகள் மூன்று வகை. முதலாவது காலம்: உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உறுப்புரை 126இன் கீழ் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால் விசாரணைக் காலம் கணக்கில் வராது என்ற சலுகை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. அது தெரிந்தவருக்கே உதவும். இரண்டாவது எதிராளி: அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது. 1992 முதல் பெருந்தோட்டங்களை நடத்துபவை பிராந்தியக் கம்பனிகள். நிலம் அரசுடையது, அதில் நடக்கும் காரியம் கம்பனியுடையது என்ற நிலையில், கம்பனியின் செயலை அரசின் செயலாகக் காட்டுவது ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக வாதிட வேண்டியது. மூன்றாவது செலவு: மஸ்கெலியாவிலிருந்து கொழும்பில் உயர் நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும், சட்டத்தரணிக் கட்டணம் தனி. சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருக்கிறது. ஆனால் நீரையும் மண்ணையும் சோதித்து நிபுணர் அறிக்கை பெறும் செலவு, வழக்குக் கட்டணத்தை விடப் பெரியது.

கடல் கடந்து பார்த்தாலும் நிலைமை எளிதல்ல. இந்தியாவில் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவிலிருந்தே நீதிமன்றங்கள் சுற்றாடல் உரிமையை நேராகப் பிறப்பித்தன. வேலூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, தெற்காசிய சுற்றாடல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் பிறந்து, அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது. அப்படியிருந்தும் வேலூர்க் கழிவு பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. எழுதப்பட்ட உரிமையும் சிறப்பு நீதிமன்றமும் இருந்தால் இலங்கையில் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அறிவதும் கேட்கப்படுவதும்

நான்காவது விடை, உரிமையின் உள்ளடக்கத்தை விட்டு வழிமுறையைப் பிடிக்கிறது. 1992 ரியோ பிரகடனத்தின் 10ஆவது கோட்பாடு தகவல், பங்கேற்பு, நீதி என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னது. 1998இல் ஐரோப்பாவின் ஆர்ஹஸ் உடன்படிக்கையும், 2018இல் இலத்தீன் அமெரிக்காவின் எஸ்காசு உடன்படிக்கையும் அதைச் சட்டமாக்கின. ஆசியாவில் இதற்கு இணையான உடன்படிக்கை இல்லை. 2022 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தூய, ஆரோக்கியமான, நிலைபேறான சுற்றாடலை மனித உரிமையாக ஏற்றது. அத்தீர்மானம் எந்த நாட்டையும் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தாது.

இலங்கையில் இவ்வழிமுறை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988 திருத்தத்தோடு வந்தது. குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அறிக்கை வந்ததும் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, 30 நாட்களுக்குள் எவரும் எழுத்தில் கருத்துத் தரலாம். சிறு திட்டங்களுக்கான ஆரம்பப் பரிசோதனை அறிக்கைகளுக்கு அந்தக் கருத்துக்காலம் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு இல்லாமல் போனது. மலையக ஓடைகளை மறித்துக் கட்டும் சிறு நீர்மின் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில் வருவதால், இது இங்கே சிறிய விடயமல்ல.

மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இந்த வழிமுறையின் நல்லது கெட்டது இரண்டையும் காட்டுகிறது. மவுஸ்ஸாகலை கட்டப்பட்ட காலத்தில் யாரிடமும் கருத்துக் கேட்கும் சட்டம் இல்லை. அன்று தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் குடியுரிமையும் அற்றவர்கள். மேல் கொத்மலைத் திட்டம் அமைந்த தலவாக்கலையிலோ 1990களில் மதிப்பீடு நடந்தது, அனுமதி முதலில் மறுக்கப்பட்டது, மேன்முறையீட்டில் நிபந்தனைகளோடு கிடைத்தது, சுற்றாடல் அமைப்புகள் எதிர்த்து நின்றன, மலையகக் கட்சிகளும் தெருவில் இறங்கின. சென்.கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் குறித்த நேரம் நீர் விட வேண்டும் என்ற நிபந்தனை அந்த விவாதத்தின் பயன். 150 மெகாவாட் நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. இந்த விவாதத்தில் நீர்வீழ்ச்சியின் அழகுக்குக் கிடைத்த கவனம், இடம்பெயர்ந்த தோட்டக் குடும்பங்களின் வீட்டுரிமைக்கும் சரிவுகளின் உறுதிக்கும் அதே அளவில் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பிரதேச செயலகத்தில் போய்ப் படித்து, 30 நாட்களுக்குள் மறுப்பு எழுத யாரால் முடியும் என்று கேட்டால் காரணம் விளங்கும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடப்படும் தொழிலாளிக்கு, ஒரு நாள் மலைக்குப் போகாமல் இருப்பதே பெரிய இழப்பு.

2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் உறுப்புரை 14அ வழியாகத் தகவல் உரிமையைத் தந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு ஆணைக்குழுவையும் காலவரையறையையும் ஏற்படுத்தியது. வேண்டுகோளை வாய்மொழியாகவும் முன்வைக்கலாம். மண்சரிவு ஆபத்தை மதிப்பிடும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தோட்டப் பிரிவை ஆய்வு செய்து என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டறிய இதைவிட மலிவான வழி வேறில்லை. அரசோடு ஒப்பந்தத்திலோ உரிமத்திலோ பொதுப்பணி ஆற்றும் தனியார் நிறுவனங்களையும் இச்சட்டம் ஓரளவு தொடுகிறது. அரச காணியைக் குத்தகைக்கு எடுத்த தோட்டக் கம்பனி அந்த வகையில் எவ்வளவு அடங்கும் என்பது வாதத்துக்குரியது.

நிலமும் முகவரியும் இல்லாத வழக்காளி

மேலே கண்ட விடைகள் அனைத்தும் ஒரு குடிமகனைக் கற்பனை செய்கின்றன. அவருக்குச் சொந்த வீடோ நிலமோ இருக்கிறது. அவர் பெயருக்குக் கடிதம் வருகிறது. உள்ளூராட்சி மன்றம் அவருக்குக் கடமைப்பட்டது. அவருடைய முறைப்பாட்டின் எதிராளி, அவருடைய முதலாளியல்ல. லயத்தில் வாழ்பவருக்கு இந்த நான்கில் ஒன்றும் முழுதாகப் பொருந்துவதில்லை.

வரலாறு தெரிந்ததே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் சுமார் 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. எஞ்சியவர்களுக்கு முழுத்தீர்வு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. ஆகவே எப்பாவலத் தீர்ப்பு எழுதப்பட்ட 2000இல், அது நம்பியிருந்த குடிமக்களுக்கான உறுப்புரை 14இன் உரிமைகள் மலையகத்தில் எல்லாருக்கும் உரித்தாகவில்லை.

குடியுரிமை வந்த பிறகும் உள்ளூராட்சி வரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாகவே நீண்டகாலம் விளங்கிக்கொள்ளப்பட்டது. வாக்குப் போடலாம், வடிகான் கேட்க முடியாது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே காலத்தில் அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபைகள் கிடைத்தன. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் அவ்வாண்டே சட்டமானது. இவை உண்மையான முன்னேற்றங்கள்.

ஆனாலும் பல தோட்டங்களில் பீலிக்கு வரும் குழாயும், கழிவு போகும் கானும், லயத்தின் கூரையும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருக்கின்றன. லயத்து அறையான காம்பராவில் குடியிருப்பது வேலையோடு பிணைந்தது. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அங்கிருந்து ஆளுக்குப் போகும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. நீதிமன்ற அறிவித்தலும் அந்த வழியாகத்தான் வரவேண்டியிருக்கும். ஊற்றுக்கு மேலே மருந்தடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர், தன் வீட்டுக்காரருக்கும் முதலாளிக்கும் தண்ணீர் தருபவருக்கும் எதிராக ஒரே கடிதத்தை எழுதுகிறார்.

இதன் மிகக் கொடிய விளைவு மண்சரிவில் தெரிகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தையின் மீரியபெத்தத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டு வெளியேறாதது மக்களின் தவறு என்று சிலர் அப்போது சொன்னார்கள். போக நிலம் எங்கே, கட்ட உரித்து எங்கே என்ற கேள்விக்கு அப்படிச் சொன்னவர்களிடம் பதில் இல்லை. இன்று மழைக்காலத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிமுறை எச்சரிக்கைகள் வருகின்றன. மக்கள் பாடசாலைக்கும் கோயில் மண்டபத்துக்கும் போகிறார்கள், மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்புகிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மத்திய மலைநாட்டில் இறக்கிய மழை, நாடெங்கும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றபோது, மலையக மாவட்டங்களின் மண்சரிவுகள் அந்த இழப்பில் பெரும் பங்கு வகித்தன.

நிலம் இல்லாதவரும் சுற்றாடல் சட்டமும் எதிரெதிராக நிற்கக்கூடும் என்பதற்கு இன்னோர் எச்சரிக்கை வில்பத்து வன வழக்கு. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களை மீளக்குடியமர்த்துவதற்காகக் காடு வெட்டப்பட்டது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் மீள மரம் நடப் பணித்தது. வனச்சட்டத்தின் கோணத்தில் அத்தீர்ப்பு வலுவானது. ஆனால் இடம்பெயர்ந்தோர் எங்கே குடியேறுவது என்ற கேள்வி அந்த வழக்கின் எல்லைக்கு வெளியே நின்றது. நாளை ஆபத்தான லயங்களிலிருந்து மலையக மக்களை அகற்ற நிலம் தேடும்போது, தேயிலை நிலமா வன ஓரமா என்ற மோதல் இங்கேயும் வரும். தேயிலை நிலத்தையே முதலில் விடுவிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம். மண்சரிவு ஆபத்தில்லாத மலைகளில் தேயிலை இருக்கையில் காட்டைத் தொட நியாயமில்லை.

சங்கத்தின் வழி

மலையகத்தில் நீதிக்கான வழி என்றால் நூறாண்டாகத் தொழிற்சங்கம்தான். தோட்டத் தலைவர் வழியாகத் தோட்ட அதிகாரியான துரையிடம், அங்கிருந்து மாவட்டக் காரியாலயம், தொழில் திணைக்களம், தொழில் நியாயசபை என்று போகும் அந்தப் பாதையை மக்கள் நன்கு அறிவார்கள். இதுவே ஐந்தாவது விடையாக இருக்கலாம் என்று சொல்வோர் உண்டு: சுற்றாடல் கேட்டைத் தொழில் பாதுகாப்பாகப் பேசினால் கூட்டுப் பேரம் கைகொடுக்கும். மருந்தடிப்பவருக்கு முகமூடி, ஊற்றைச் சுற்றி மருந்தடிக்காத வலயம், குளவிக்கூடுகளை முன்கூட்டியே அகற்றுதல் ஆகியவை பேரத்துக்கு உரியவையே.

நடைமுறையில் கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளைச் சம்பளமே விழுங்கிவிட்டது. சம்பளத்தின் நிலையைப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல முடியாது. கிளைபோசேட் என்ற களைநாசினியின் கதை இதற்குச் சான்று. 2015இல் தடை, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்வு, 2021 மேயில் இரசாயனப் பசளைக்கும் மருந்துக்கும் ஒரேயடியாக இறக்குமதித் தடை, சில மாதங்களில் அதன் தளர்வு. விளைச்சலும் ஏற்றுமதியும் பேசப்பட்டன. மருந்துத் தாங்கியை முதுகில் சுமப்பவரிடமும், களை மண்டிய மலையில் அட்டைக்கும் பாம்புக்கும் நடுவே கொழுந்து பறிப்பவரிடமும் எந்தக் கட்டத்திலும் முறையாகக் கேட்கப்படவில்லை என்றே தோன்றுகிறது. சங்கத்தின் வழிக்கு இன்னோர் எல்லையும் உண்டு. தோட்டத்தில் பதிவுபெற்ற வேலையில் இல்லாமல் லயத்தில் மட்டும் வாழ்வோர் இன்று ஏராளம். அவர்கள் தொழிலாளர் அல்லர், ஆனால் அதே தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

தீராது நிற்பவை

சுற்றாடல் உரிமையை அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுவான நியாயம் உண்டு. நீதிபதிகளின் வியாக்கியானத்தில் தங்கிய உரிமை அடுத்த அமர்வில் சுருங்கலாம். எனினும் மஸ்கெலியாவிலிருந்து பார்த்தால், எழுதப்படாத உறுப்புரையை விடக் கொடுக்கப்படாத காணி உறுதி பெரிய தடையாகத் தெரிகிறது. 2015க்குப் பின் பேசப்பட்ட 7 பேர்ச் காணியும் தனி வீடும் வீடமைப்புத் திட்டமாகவே பார்க்கப்பட்டன. தன் பெயரில் உறுதியும் முகவரியும் உள்ளவர் பிரதேச சபையிடம் கேட்கலாம், ஹட்டன் நீதவானிடம் முறையிடலாம், வேலை போகும் என்று அஞ்சாமல் சாட்சி சொல்லலாம். அந்த வகையில் காணி உறுதியும் சுற்றாடல் சட்டத்தின் ஒரு பகுதியே. இதற்கு மறுப்பும் உண்டு: உறுதி பெற்ற துண்டு நிலமே மண்சரிவு வலயத்தில் இருந்தால், உரித்து மனிதரை ஆபத்தோடு கட்டிவைக்கும். இந்த மறுப்பை எளிதாகத் தள்ள முடியாது.

வேறு சில கேள்விகளும் திறந்தே நிற்கின்றன. ஆண்டுக்கணக்கில் சேரும் கேட்டுக்கு ஒரு மாதக் காலவரையறை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? தொடரும் மீறல் என்ற வாதம் மலையக வழக்கு ஒன்றில் உறுதியாக எடுபட்டால் பலருக்கு வழி பிறக்கும். சுன்னாகம் தீர்ப்பின் வழக்குரிமை விரிவு, தோட்டத்து மகளிர் சங்கமோ இளைஞர் மன்றமோ பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடாமல் மனுச் செய்ய இடம் தருமா? நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகங்கள் சட்டப்படி இருமொழிப் பிரிவுகள். அப்படியானால் ஒரு தோட்டத்தைத் தொடும் மதிப்பீட்டு அறிக்கையை முழுமையாகத் தமிழில் தராத அறிவித்தல் செல்லுமா?

எல்லாவற்றிலும் அவசரமானது எச்சரிக்கையின் சட்டநிலை. ஒரு சரிவு ஆபத்தானது என்று அரச நிறுவனம் எழுத்தில் சொன்ன நாளிலிருந்து, அங்கு வாழ்வோரைக் குடியமர்த்தும் கடமை யாருடையது: நில உரிமையாளரான அரசுடையதா, குத்தகைக் கம்பனியுடையதா, பிரதேச சபையுடையதா? 1992க்குப் பின்னான குத்தகை ஏற்பாட்டில் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்ட இடமிருக்கிறது. பொது நம்பிக்கைப் பொறுப்பு என்ற கோட்பாடு அரசை முதற்பொறுப்பாளியாக்கும் என்று வாதிடலாம். சுன்னாகம் தந்த மாசுபடுத்துவோர் கோட்பாடு கம்பனியை இழுக்கும் என்றும் வாதிடலாம். அந்த வாதத்தை, மண் இறங்குவதற்கு முன்னரே, எச்சரிக்கைக் கடிதத்தின் பிரதியை இணைத்து ஒரு லயத்துக் குடும்பம் நீதிமன்றத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.